காலைக் காப்பாற்றியது யார்?

காலை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

சிறுவனுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. எப்போதோ கீழே விழுந்தான். முழங்காலில் அடி பட்டது. மேலே ஆறினாற்போல் இருந்தது. உள்ளே எலும்பில் சீழ் வைத்துவிட்டது. வைத்தியம் பார்த்தும் பயன் இல்லை. உயிர் பிழைக்க வேண்டுமானால் கால் போக வேண்டும் என்ற நிலை.

தகப்பனார் இரும்பு வார்க்கும் தொழிலாளி. ஸ்காட்லாந்தில் இருந்து பிழைப்புத் தேடிக் கனடா நாட்டுக்குக் கப்பல் ஏறி வந்தவர். வின்னிபெக் நகரில் குடியிருந்தார்கள். முதல் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. எலும்பு வைத்தியத்தில் கைதேர்ந்த டாக்டர் அதே ஊரில் இருந்தார். ஆனால் அவரிடம் போகப் பணம் வேண்டுமே! சிறுவன் தர்ம நோயாளியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான்.

அப்போதுதான் அந்த எலும்பு டாக்டரின் கண்ணில் அவன் பட்டான். அவர் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர். மாணவர்கள் கூட நின்று பார்க்கச் சம்மதித்தால், காசு வாங்காமல் ஆபரேஷன் செய்வதாகச் சொன்னார். பெற்றோர் உடனே சம்மதித்தார்கள். ஆபரேஷன் நடந்தது. கால் பிழைத்தது.

சாதாரணமாகப் பிழைக்கவில்லை! அதே சிறுவன் வளர்ந்து குத்துச்சண்டை பழகினான். 1922-ம் ஆண்டிலும் 1923-ம் ஆண்டிலும் மானிடோபா மாநிலத்தின் லைட்வெயிட் பிரிவு சாம்பியன் அவன்தான்.

அவன் பெயர் டாமி டக்ளஸ். பிற்காலத்தில் பக்கத்து மாநிலமான சாஸ்கட்சுவானின் முதல் மந்திரி ஆனவர்.

அவர் காலைக் காப்பாற்றியது யார்? டாக்டரின் கைத்திறமை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் டாக்டர் அன்று அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? பாடம் நடத்த அவருக்கு வேறு ஒரு நோயாளி கிடைத்திருந்தால்? தன்னைப் போல அதிர்ஷ்டம் இல்லாத பிள்ளைகளின் கால் என்ன ஆகும் என்ற கேள்வி டக்ளசை விடவே இல்லை. ஒரு பிள்ளையின் கால் டாக்டரின் இரக்கத்தையோ தகப்பனின் பணப்பையையோ நம்பி இருக்கக் கூடாது என்று அவர் முடிவு கட்டினார்.

எல்லா மக்களுக்கும் சர்க்கார் வைத்தியம் செய்துதான் ஆக வேண்டுமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. செய்துதான் ஆக வேண்டும். அதிலும் ஏழைகளுக்கு மட்டும் என்று கோடு கிழிக்காமல் எல்லோருக்கும் செய்ய வேண்டும். ஏன் இந்த இரண்டாவது வார்த்தை? சாஸ்கட்சுவானில் சண்டை வந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

டாக்டருக்கு ஊர்ச் சம்பளம்

சாஸ்கட்சுவான் கோதுமை விளையும் சீமை. கண்ணுக்கு எட்டிய வரை வயல். வீட்டுக்கு வீடு பல மைல் தூரம். பனிக்காலத்தில் பாதை மூடிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஊரில் டாக்டர் நிலைத்து இருப்பாரா? விளைச்சல் நன்றாக இருந்தால் அவருக்குக் கூலி கிடைக்கும். விளைச்சல் பொய்த்தால் கோழியும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும்!

சார்னியா என்ற கிராமப் பகுதி மக்களுக்கு இந்தக் கவலை வந்தது. இருக்கிற ஒரு டாக்டரும் மூட்டை கட்டிவிட்டால் என்ன செய்வது? 1915-ம் ஆண்டு வாக்கில் அவர்கள் ஒரு யோசனை செய்தார்கள். ஊர் வரிப்பணத்தில் இருந்து டாக்டருக்கு ஆண்டுக்கு 1,500 டாலர் கொடுத்தார்கள். நம் ஊரில் ஏரி மதகைப் பழுது பார்க்க வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போடுவது இல்லையா? அது போலத்தான். மற்ற ஊர்களும் இதைப் பார்த்துச் செய்தன.

1930-ம் ஆண்டில் டாமி டக்ளஸ் அந்த மாநிலத்தில் உள்ள வேபர்ன் நகருக்குப் போதகராகப் போய்ச் சேர்ந்தார். பஞ்ச காலம். மழை இல்லை. வயல் மண் காற்றில் புழுதியாகப் பறந்தது. முப்பது வயதைத் தாண்டிய இரண்டு பேரை அடக்கம் செய்ததைப் பற்றி அவர் பிற்காலத்தில் சொல்லி இருக்கிறார். இருவருக்கும் சின்னஞ்சிறு குழந்தைகள். பக்கத்தில் டாக்டர் இல்லை. தூரத்து டாக்டரிடம் போகப் பணம் இல்லை. அதனால் போன உயிர்கள்.

பிறகு அவர் அரசியலில் இறங்கினார். 1944-ல் முதல் மந்திரி ஆனார். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் இலவசம் என்று அறிவித்துவிடவில்லை. இது கவனிக்க வேண்டிய விஷயம். 1946-ம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்விப்ட் கரன்ட் என்ற ஒரே ஒரு வட்டாரத்தில் எல்லோருக்கும் வைத்தியம் என்று தொடங்கிப் பார்த்தார்கள். 1947-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் மாநிலம் முழுவதும் ஆஸ்பத்திரிச் செலவை சர்க்கார் ஏற்றது. இதற்காக ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 5 டாலர் கட்ட வேண்டும். குடும்பம் எவ்வளவு பெரியதானாலும் 30 டாலருக்கு மேல் இல்லை. அந்தக் கணக்கு சரிப்பட்டு வந்த பிறகுதான், டாக்டர் கட்டணத்தையும் சர்க்காரே கொடுக்கும் என்று சொல்லி 1960-ல் தேர்தலில் நின்றார். ஜெயித்தார்.

23 நாள் கதவடைப்பு

டாக்டர்கள் எதிர்த்தார்கள்.

அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அது நியாயம் ஆகாது. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் சர்க்கார் குமாஸ்தா வந்து உட்கார்ந்துவிடுவான் என்று அவர்கள் பயந்தார்கள். எந்த மருந்து கொடுப்பது, எத்தனை பேரைப் பார்ப்பது என்று கட்டளை வரும் என்று நினைத்தார்கள். ஏழைகளை அவர்கள் கைவிடச் சொல்லவும் இல்லை. பணம் இல்லாதவர்களுக்கு மட்டும் சர்க்கார் உதவி செய்யட்டும். மற்றவர்கள் தனியாக இன்சூரன்ஸ் கட்டிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் வாதம்.

சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் ஒரே திட்டம், ஒரே வாசல். வரிப்பணம் போக, ஆளுக்கு ஆண்டுக்கு 12 டாலர், குடும்பத்துக்கு 24 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். டக்ளஸ் அதற்குள் நாடாளுமன்ற அரசியலுக்குப் போய்விட்டார். உட்ரோ லாயிட் முதல் மந்திரியாக இருந்தார். 1962-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி திட்டம் அமுலுக்கு வந்தது. அதே நாள், மாநிலத்தின் பெரும்பாலான டாக்டர்கள் வைத்திய சாலைகளைப் பூட்டிவிட்டார்கள்.

சுமார் 9 லட்சம் மக்கள் உள்ள மாநிலம் அது. ஆபத்து அவசரத்துக்கு மட்டும் சில ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் இருந்தார்கள். கதவடைப்பு தொடங்கிய உடனே ஒரு பச்சைக் குழந்தை இறந்தது. பெற்றோர் குழந்தையைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக டாக்டரைத் தேடிப் போன வழியில் அது நடந்தது. தேசமே திடுக்கிட்டது.

சர்க்கார் இங்கிலாந்தில் இருந்து டாக்டர்களை விமானத்தில் வரவழைத்தது. பொதுமக்களே சில ஊர்களில் கூட்டுறவு வைத்திய சாலை அமைத்தார்கள். டாக்டர்களை ஆதரித்தும் மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். ஜூலை 11-ந் தேதி தலைநகர் ரெஜினாவில் பெரிய ஊர்வலம் நடத்தப் போவதாகச் சொன்னார்கள். பல்லாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது ஏறக்குறைய 5 ஆயிரம் பேர்தான்.

கடைசியில் சமரசம் பேச இங்கிலாந்தில் இருந்து டெய்லர் பிரபு வந்தார். அவரும் ஒரு டாக்டர். இரண்டு கட்சிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் சண்டைதான் வரும் என்று, இங்கும் அங்குமாக நடந்து நடந்து பேசினார். ஜூலை 23-ந் தேதி சாஸ்கட்டூன் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டாக்டர்கள் சர்க்கார் சம்பளக்காரர்கள் ஆக வேண்டியது இல்லை. அவரவர் இடத்தில் இருந்தே வைத்தியம் செய்யலாம். ஆனால் எல்லா மக்களுக்கும் திட்டம் உண்டு. பணம் பொதுப் பணம். அது மாறவில்லை.

இதற்காக அரசியல்வாதிகள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1962 ஜூன் மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் ரெஜினா தொகுதியில் டக்ளஸ் தோற்றார். 1964-ல் லாயிட் கட்சி ஆட்சியையே இழந்தது. எதிர்க்கட்சி பதவிக்கு வந்தது. வந்தவர்கள் திட்டத்தை ரத்து செய்தார்களா? இல்லை. அதற்குள் மக்கள் ருசி கண்டுவிட்டார்கள்.

1966-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கனடா நாடு முழுவதற்குமான சட்டம் நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 177. எதிர்ப்பு 2. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு டாக்டர் வீட்டுக் கதவைப் பூட்ட வைத்த விஷயம் இது! 1972-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. 2004-ம் ஆண்டு கனடா டெலிவிஷன் ஒன்று, நாட்டின் மிகப் பெரிய மனிதர் யார் என்று நேயர்களிடம் ஓட்டு கேட்டது. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் மருந்தைக் கண்டுபிடித்த பாண்டிங் அந்தப் பட்டியலில் இருந்தார். தொலைபேசி தந்த கிரகாம் பெல் இருந்தார். முதல் இடம் டாமி டக்ளசுக்குக் கிடைத்தது.

ஏழைக்கு மட்டும் என்றால்...

கோடீசுவரனுக்கு எதற்கு இலவச வைத்தியம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

ஒரு தையற்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மாத வருமானம் 11 ஆயிரம் ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். தமிழ்நாட்டில் முதல்-அமைச்சர் காப்பீட்டு அட்டை பொதுவாக ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உண்டு. அதாவது மாதம் 10 ஆயிரம். தையற்காரர் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். ஆகவே அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம்! தீபாவளி மாதத்தில் நிறையத் தைக்கிறார். ஆடி மாதத்தில் மெஷின் சும்மா கிடக்கிறது. அவர் ஏழையா, இல்லையா? சர்டிபிகேட் கொடுக்கிற அதிகாரி என்ன எழுதுவார்? உள்ளதை உள்ளபடி சொல்கிறவருக்கு அட்டை இல்லை. வருமானத்தைக் குறைத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு அட்டை உண்டு. எங்கே கோடு கிழித்தாலும் இந்தக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்.

அட்டையைக் குறை சொல்வதற்கு இல்லை. இருதய ஆபரேஷனுக்கு நிலத்தை விற்க வேண்டிய குடும்பங்களை அது காப்பாற்றி இருக்கிறது. ஆனால் அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத்தான். தையற்காரரின் தாயாருக்கு ரத்தக் கொதிப்பு. தினம் ஒரு மாத்திரை. மாதா மாதம் பரிசோதனை. அட்டை இதற்கு உதவாது. மாத்திரை வாங்காமல் விட்டு, பக்கவாதம் வந்து படுத்தால் அட்டை உதவும்! குடும்பங்களை அரித்துத் தின்பது பெரிய ஆபரேஷன் மட்டும் அல்ல. மருந்துக் கடையில் வாராவாரம் கொடுக்கிற நூறும் இருநூறும்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் முக்கியம். ஏழைகள் மட்டும் போகிற இடத்தில் குழாய் உடைந்தால் யார் கேட்பது? கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். தாசில்தாரும், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரும், கடைவீதி முதலாளியும் அதே வரிசையில் நிற்கட்டும். மறுநாள் மின்விசிறி சுற்றும். கக்கூசில் தண்ணீர் வரும். பணக்காரனுக்குத் தர்மம் செய்வதற்காக அவனை உள்ளே அழைக்கவில்லை. அவன் சத்தம் போடட்டும் என்பதற்காகத்தான் அழைப்பது! அவனும் சும்மா வரவில்லை. வரி கட்டிவிட்டுத்தான் வருகிறான்.

நம்மிடம் இல்லாததா?

எல்லோருக்கும் ஒரே வாசல் என்பது நமக்குப் புதிது அல்ல. 1943-ல் வெள்ளைக்கார சர்க்கார் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியாரும் அதில் அங்கத்தினர். பணம் இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று 1946-ல் அந்தக் கமிட்டி எழுதிக் கொடுத்தது. சாஸ்கட்சுவானில் ஸ்விப்ட் கரன்ட் வட்டாரத் திட்டம் பிறந்த அதே ஆண்டு!

எழுதியது முழுவதும் நடக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஓரளவு நடந்திருக்கிறது. 1994-ல் மருந்து வாங்குவதற்கென்றே சர்க்கார் ஒரு கழகம் ஏற்படுத்தியது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது, தரம் பரிசோதிப்பது, மாவட்டக் கிடங்குகளில் வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது அதன் வேலை. மொத்தமாக வாங்கியதால் மருந்து மலிந்தது. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின. அந்த மருந்தை வாங்க வருமான சர்டிபிகேட் வேண்டியது இல்லை. சீட்டைக் காட்டினால் போதும்.

2021 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்", சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் திட்டம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரர், என்ன வருமானம் என்ற கேள்வி இல்லை. ரத்தம் ஒழுகிக் கிடக்கிறவனிடம் சர்டிபிகேட் கேட்க முடியாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. வயிற்றுவலிக்காரனிடம் மட்டும் ஏன் கேட்பது? மத்திய சர்க்காரும் 2024-ல் 70 வயதைத் தாண்டிய அனைவருக்கும், வருமானம் பார்க்காமல், தன் காப்பீட்டு அட்டையை விரிவுபடுத்தியது.

பணம் எங்கே?

பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி, 2013-14-ல் இந்தியாவில் வைத்தியத்துக்கு ஆன ஒவ்வொரு 100 ரூபாயிலும் 64 ரூபாய் மக்கள் நேரடியாகக் கையில் இருந்து கொடுத்தது. 2021-22-ல் அது 39 ரூபாய் 40 காசாகக் குறைந்தது. நல்ல மாற்றம். ஆனாலும் 39 ரூபாய் சின்னத் தொகை அல்ல. அதுவும் எப்போது கொடுக்கிறார்கள்? சம்பாதிக்கிறவர் படுத்துக் கிடக்கும்போது! தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவது அப்போதுதான். உடம்பு நன்றாக இருக்கும்போது வரியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதா, படுத்த பிறகு வட்டிக்கு வாங்கி மொத்தமாகக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

நாட்டின் மொத்த உற்பத்தியில் 100-க்கு இரண்டரை ரூபாயை 2025-க்குள் சர்க்கார்கள் வைத்தியத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22-ல் மத்திய, மாநில சர்க்கார்கள் சேர்ந்து செலவிட்டது 1 ரூபாய் 84 காசு.

கனடாவில் எல்லாம் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டொரண்டோவில் நம்மவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். மூட்டு ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த கதை அவர்களிடம் உண்டு. லட்சக்கணக்கான பேருக்குக் குடும்ப டாக்டர் இல்லை. 1960-களில் டாக்டர் கட்டணத்தையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்தவர்கள், மாத்திரையையும் பல் வைத்தியத்தையும் விட்டுவிட்டார்கள். விட்டதைப் பிடிக்க அறுபது வருஷம் ஆயிற்று. பல் வைத்தியத் திட்டமும், சர்க்கரை வியாதி மருந்துகளுக்கான சட்டமும் 2024-ல்தான் நடைமுறை பக்கம் வந்தன. மருந்தில் தொடங்கிய தமிழ்நாடு இந்த ஒரு விஷயத்தில் கனடாவை விடக் கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறது.

ஆனால் மருந்து மட்டும் இருந்தால் போதாது. மாத்திரை எழுதிக் கொடுக்க டாக்டர் வேண்டும். அவருக்கு ஒரு நோயாளியிடம் ஐந்து நிமிஷமாவது பேச நேரம் வேண்டும். ராத்திரி முழுவதும் கண் விழித்த டாக்டரையும் நர்சையும் காலையில் மறுபடி வரிசையின் முன் உட்கார வைத்தால் எரிந்து விழத்தான் செய்வார்கள். அந்த எரிச்சலைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கடன் வாங்கியாவது தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். டெய்லர் பிரபு செய்தது போல டாக்டர்களையும் உட்கார வைத்துப் பேசாமல் இந்த வேலை நடக்காது.

நேரமும் ஒரு பிரச்சினை. வெளி நோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலை வேளையில். தையற்காரர் தாயாரை அழைத்துக்கொண்டு போனால் அன்றைக்குக் கடை பூட்டுத்தான். மருந்து இலவசம், ஆனால் ஒரு நாள் வருமானம் போயிற்று. மாலை ஐந்து மணிக்கு மேல் எல்லா ஊரிலும் அந்தக் கதவு திறந்திருந்தால் அவர் தாயார் மாத்திரையை விடமாட்டார்.